எண்ணூர்த் தூசி: ஆய்வுக் கட்டுரைகளைக் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு எப்படிக் கொண்டுபோவது?

எர்ணாவூர்க்காற்று | திங்கள், இரவு 9.12

தோழர்களுக்கு வணக்கம். வடசென்னையில் எங்கள் எர்ணாவூர்ப் பக்கத்தில் ஓர் ஆலை விரிவாக்கத்துக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவித்திருக்கிறார்கள். மார்ச் நடுவில் கூட்டம். இன்னும் 32 நாள். கையில் இருப்பவை: எண்ணூர் கழிமுகம், மணலி காற்று பற்றிய 14 ஆய்வுக் கட்டுரைகள், ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவிலிருந்து இறக்கிய மூன்று முனைவர் பட்ட ஆய்வேடுகள், வாட்ஸ்அப்பில் சுற்றவிட்ட கூகுள் ஃபார்முக்கு வந்த 212 பதில்கள்.

துண்டறிக்கை வரைவில் இரண்டு வரி போட்டிருக்கிறோம் (பிஎம் 2.5 என்பது காற்றில் மிதக்கும் நுண்துகள்). ஒன்று: "மணலியில் பிஎம் 2.5 அளவு 150. அரசு வரம்பைப் போல் இரண்டரை மடங்கு." இன்னொன்று: "எங்கள் பகுதியில் புற்றுநோய் இருமடங்கு." நிற்குமா? ஒரு கல்லூரி வேதியியல் துறையில் உதவத் தயார் என்கிறார்கள். அவர்களிடம் என்ன கேட்பது?

கோப்புக்காரன் | திங்கள், இரவு 10.05

14 கட்டுரையையும் இப்போதைக்கு மூடி வையுங்கள். முடிவெடுப்பவர் யார், எந்தத் தாளைப் பார்த்து எடுக்கிறார், எந்தத் தேதிக்குள்? இந்த மூன்றும் தெரிந்த பிறகுதான் எந்த ஆய்வு வேண்டும் என்பதே தெரியும்.

கருத்துக்கேட்பில் யாரும் எதையும் முடிவு செய்வதில்லை. ஆட்சியரோ அவர் பிரதிநிதியோ தலைமை தாங்குவார். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பதிவு செய்யும், வீடியோ எடுக்கும். 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, பேசியதன் சுருக்கத்தைக் கூட்ட முடிவில் தமிழில் வாசித்துக் காட்டியாக வேண்டும். வாசிக்காமல் கலைந்தால் அங்கேயே எழுந்து கேளுங்கள். அந்தக் குறிப்புதான் பிறகு நிபுணர் குழுவின் மேசைக்குப் போகிறது. பெரிய திட்டம் என்றால் டெல்லி. இல்லையென்றால் சைதாப்பேட்டை பனகல் மாளிகையில் இருக்கும் மாநில ஆணையம். அன்று பந்தலில் இல்லாதவர்களுக்காகத்தான் நீங்கள் எழுதுகிறீர்கள். மைக்கில் ஐந்து நிமிடம் ஆவேசமாகப் பேசினால் "மாசு குறித்து அச்சம் தெரிவித்தார்" என்று ஒரு வரியாகச் சுருங்கிவிடும். எழுதிக் கொடுத்து, நகலில் ஒப்புகை முத்திரை வாங்கிய மனு சுருங்காது.

அடுத்து, ஆலை தரப்பு கொடுத்த வரைவு அறிக்கையை எடுங்கள். ஆட்சியர் அலுவலகம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், உள்ளாட்சி அலுவலகம் ஆகிய இடங்களில் பார்வைக்கு இருக்க வேண்டும். தமிழ்ச் சுருக்கமும் இருக்க வேண்டும். அதையும் ஆங்கில மூலத்தையும் அருகருகே வைத்து எண்களை மட்டும் ஒப்பிடுங்கள். தமிழில் காணாமல்போன பத்தி எது என்று ஒரு மாலையில் தெரிந்துவிடும்.

பிறகு காற்று அளவீடு எடுத்த மாதத்தைப் பாருங்கள். மழைக்காலம் நீங்கலாக ஒரு பருவம் அளந்தால் போதும் என்கிறது விதி. எந்தப் பருவம் என்பதில்தான் சூட்சுமம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை காற்று வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வீசும். அனல்மின் நிலையப் பக்கத்துச் சாம்பலும் நிலக்கரித் தூளும் எர்ணாவூர்ப் பக்கம் இறங்குவது அப்போதுதான். மார்ச் முதல் மே வரை தென்கிழக்குக் காற்று, அதாவது கடலிலிருந்து வருவது. அந்த மாதங்களில் எர்ணாவூரில் அளந்தால் காற்று சுத்தமாகத்தான் தெரியும். அறிக்கையில் காற்றுத் திசைப்படம் ஒன்று பூப்போல வரைந்திருப்பார்கள். அதையும் அளவீட்டு நிலையங்கள் இருந்த இடத்தையும் ஒரே வரைபடத்தில் போடுங்கள். எல்லா நிலையமும் ஆலைக்குக் காற்று வரும் பக்கமே இருந்தால், உங்கள் மனுவின் முதல் பத்தி கிடைத்துவிட்டது. இதற்குப் புது ஆய்வு எதுவும் வேண்டாம்.

ஏற்கெனவே ஓடும் ஆலை என்பதால் இன்னொன்று. சுற்றுச்சூழல் அனுமதி பெற்றவர்கள் ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 என இருமுறை நிபந்தனை நிறைவேற்ற அறிக்கை தர வேண்டும். செப்டம்பர் 30க்குள் வாரியத்துக்குச் சுற்றுச்சூழல் அறிக்கை ஒன்று தர வேண்டும். பழைய நிபந்தனையில் "இத்தனை ஏக்கர் மரவளையம்" என்று இருந்து இன்றும் பொட்டல்தான் என்றால், செயற்கைக்கோள் படம் ஒன்று போதும். முனைவர் பட்டம் தேவையில்லை.

எர்ணாவூர்க்காற்று | திங்கள், இரவு 10.31

இயக்க இசைவாணை (ஆலையை ஓட்ட வாரியம் தரும் அனுமதி) நகலுக்கு ஆர்டிஐ, அதாவது தகவல் உரிமை மனு போட்டால் கூட்டத்துக்குள் வருமா?

கோப்புக்காரன் | திங்கள், இரவு 10.48

30 நாள் அவர்களுக்கு அவகாசம். வராது என்றே வைத்துக்கொண்டு, ஆனாலும் நாளைக் காலையில் போடுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஸ்பீடு போஸ்டில். கேட்க வேண்டியவை இசைவாணையும் அதன் நிபந்தனைப் பட்டியலும், கடந்த மூன்று ஆண்டின் புகைபோக்கி அளவீட்டு அறிக்கைகள், வாரியப் பொறியாளரின் ஆய்வுக் குறிப்புகள், அனுப்பிய விளக்க நோட்டீஸ்கள். "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். கருத்து தகவல் ஆகாது என்று ஒரே வரியில் திருப்பி அனுப்புவார்கள். "எடுக்கப்பட்ட நடவடிக்கை தொடர்பான கோப்பின் நகல்" என்று கேளுங்கள். கோப்பை நேரில் பார்வையிடவும் சேர்த்துக் கேளுங்கள். குறிப்புத் தாளில் கீழ்நிலை அலுவலர் எழுதியதும் மேலே அடித்ததும் அப்படித்தான் கண்ணில் படும்.

இவை கூட்டத்துக்கு உதவாவிட்டாலும் அடுத்த கட்டத்துக்கு உதவும். அனுமதி கொடுத்துவிட்டால், அதை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள்தான். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை. அதற்குமேல் ஒரு நாள்கூடக் கிடையாது. அப்போது தாள் தேட ஆரம்பித்தால் காலம் ஓடிவிடும்.

தரவுத்தாரணி | செவ்வாய், காலை 7.20

துண்டறிக்கையை அச்சுக்குக் கொடுத்துவிடாதீர்கள். அந்த 150 எங்கிருந்து எடுத்தது? கைப்பேசிச் செயலியில் பார்த்ததென்றால் அது பிஎம் 2.5 அளவு அல்ல, காற்றுத் தரக் குறியீடு. நம் நாட்டுக் கணக்கில் குறியீடு 101 முதல் 200 வரை என்பது பிஎம் 2.5 61 முதல் 90 மைக்ரோகிராம் வரை. ஆக 150 என்றால் கனமீட்டருக்குச் சுமார் 75 மைக்ரோகிராம். 24 மணி நேர வரம்பு 60. இரண்டரை மடங்கு இல்லை, ஒன்றேகால் மடங்கு. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு இந்த ஒரு வரி போதும், மீதி எல்லாவற்றையும் தள்ளிவிடுவார்.

சரியாகச் செய்யும் வழி: மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத் தளத்தில் மணலி, மணலி கிராமம், கொடுங்கையூர், இராயபுரம் நிலையங்களின் தரவு இருக்கிறது. ஒரு மணி நேர எண்களாக, ஓராண்டுக்கு முழுசாக இறக்குங்கள். இறக்கியதும் சராசரி போடப் பாயாதீர்கள். முதலில் கோடாக வரைந்து பாருங்கள். ஒரே எண் பல மணி நேரம் அப்படியே நின்றால் கருவி உறைந்திருக்கிறது. எதிர்மறை எண், திடீரென ஆயிரத்தைத் தொடும் எண் இவை பராமரிப்பு நேரத்தவை. அவற்றை நீக்கிவிட்டு 24 மணி நேர சராசரி போடுங்கள். எத்தனை நாள் தரவே இல்லை என்று எண்ணி அதையும் எழுதுங்கள். "365 நாளில் இத்தனை நாள் தரவு உண்டு, அதில் இத்தனை நாள் 60ஐத் தாண்டியது" என்பதுதான் வாக்கியத்தின் வடிவம். விதிப்படி ஆண்டில் 98 விழுக்காடு நாள்கள் வரம்புக்குள் இருக்க வேண்டும். மீறும் 2 விழுக்காடும் அடுத்தடுத்த இரு நாளாக வரக்கூடாது. அடுத்தடுத்து மீறிய நாள்களைத் தேதியோடு பட்டியல் போட்டால் அரசின் சொந்த எண், அரசின் சொந்த விதி. மறுக்க முடியாது.

அதிகாலை மூன்று மணிக்கு 180 தொட்டதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து 60ஓடு ஒப்பிடுவதும் இதே தவறுதான். ஒரு மணி நேர எண்ணை 24 மணி நேர வரம்போடு வைக்கக்கூடாது. 2023 டிசம்பர் 26 இரவு பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தபோதும் இந்தக் குழப்பம் வந்தது. தேசிய தர அளவில் அமோனியாவுக்கு இருக்கும் 400 மைக்ரோகிராம் 24 மணி நேரத்துக்கானது. சில நிமிடம் மூச்சுத்திணற வைக்கும் கசிவை அளக்க அந்த அளவுகோல் உதவாது. குறுகிய நேர நச்சு அளவுகோல் வேறு.

தரவுத்தாரணி | செவ்வாய், காலை 7.41

கூகுள் ஃபார்ம் பற்றி எழுத மறந்துவிட்டேன். 212 பதிலை விழுக்காடாக மாற்றாதீர்கள். இருமல் உள்ளவர்தான் இருமல் படிவத்தைத் திறப்பார். அதில் வந்த கதைகளையும் இடங்களையும் எங்கே தேடுவது என்பதற்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

விழுக்காடு வேண்டுமென்றால் கதவு கதவாகப் போங்கள். 600 வீடு உள்ள குப்பம் என்றால், 95 விழுக்காடு உறுதியோடு முன்பின் 10 புள்ளி பிழை போதும் எனில் 83 வீடு. முன்பின் 5 வேண்டுமென்றால் 235. சில தொண்டர்களோடு பத்து நாளில் 235 வீடு எடுத்துப் பாதியை அரைகுறையாக நிரப்புவதைவிட 83ஐ ஒழுங்காக எடுப்பது மேல். வீடுகளுக்கு வரிசை எண் போட்டு, 1 முதல் 7 வரை சீட்டு எழுதிக் குலுக்கி ஒன்றை எடுங்கள். 4 வந்தால் 4, 11, 18 என்று ஏழு ஏழாகத் தாண்டுங்கள். பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டுக்குத் தாவக்கூடாது. வேறு வேறு நேரத்தில் மூன்று முறை போக வேண்டும். பகல் பதினோரு மணிக்குப் போனால் வயதானவர்கள்தான் இருப்பார்கள். கரைக்குப் போனவரும் வீட்டு வேலைக்குப் போன அக்காவும் கணக்கில் வரமாட்டார்கள், இருமல் விழுக்காடு தானாக ஏறிவிடும்.

தராசு | செவ்வாய், பிற்பகல் 1.15

வேதியியல் துறையிடம் என்ன கேட்பது என்றால்: படிதூசி அளவீடு, அதாவது காற்றிலிருந்து கீழே வந்து படியும் தூசியின் எடை. மலிவு, 32 நாளுக்குள் முடியும், எண்ணூருக்குப் பொருத்தம்.

ஆன்லைனில் கிடைக்கும் சின்ன பிஎம் பெட்டிகளை வாங்க ஆசை வரும். அவை ஒளிச்சிதறலில் வேலை செய்பவை. நுண்துகளுக்கு ஓரளவு சரி, நிலக்கரித் தூள், சாம்பல் போன்ற பெரிய துகள்களில் சொதப்பும். அது காட்டும் பிஎம் 10 (பிஎம் 2.5ஐவிடப் பெரிய துகளும் சேர்ந்தது) எண்ணை நம்பவே வேண்டாம். மேலும் கடலோர இரவில் ஈரப்பதம் 85ஐத் தாண்டும்போது துகள் நீரை உறிஞ்சிப் பருக்கும், எண் பொய்யாக ஏறும். பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால் மூன்று பெட்டியை ஒன்றாக வைத்து ஒன்றுக்கொன்று எவ்வளவு வித்தியாசம் என்று பார்த்து, பிறகு வாரிய நிலையம் ஒன்றின் அருகே குறைந்தது இரண்டு வாரம் ஓட்டித் திருத்தக் கணக்கு போட வேண்டும். உங்களுக்கு நேரமில்லை.

படிதூசியை அளக்கும் ஜாடி முறை இதுதான். உயரம் அகலத்தைப் போல் இரண்டு மூன்று மடங்கு உள்ள, நேரான சுவர் கொண்ட பாத்திரம்: 15 செ.மீ. விட்டம், 40 செ.மீ. உயரம் நல்லது. ஆறு வேண்டும். ஆலைக்கு அருகே இரண்டு, நடுத்தர தூரத்தில் இரண்டு, ஒப்பீட்டுக்குத் தென்சென்னைக் கடலோரத்தில் ஒன்று. ஆறாவது மூடியே வைக்கும் வெற்று ஜாடி, அதில் தெரியும் எடையை மற்றவற்றிலிருந்து கழிக்க. மொட்டைமாடியில், தரையிலிருந்து 2 மீட்டராவது உயரத்தில் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சாலையோர மாடி வேண்டாம். எண்ணூர் விரைவுச் சாலைக் கன்டெய்னர் லாரி கிளப்பும் புழுதி எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும். அடியில் ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீர், பாசி பிடிக்காமல் இருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம். விழுந்த தூசி மறுபடி பறக்காமல் நீர் பிடித்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை நீர் வற்றியதா பாருங்கள்.

30 நாள் கழித்து மூடி, லேபிள் ஒட்டி, கையெழுத்து வாங்கி, படம் எடுத்து ஆய்வகத்துக்கு. இலை, பூச்சியை ஒரு மில்லிமீட்டர் சல்லடையில் நீக்க வேண்டும். முன்பே உலர்த்தி எடைபோட்ட சாம்பலற்ற வடிதாளில் வடிகட்டி, 105 டிகிரியில் உலர்த்தி, உலர்கலத்தில் ஆறவிட்டு, 0.1 மில்லிகிராம் தராசில் எடை. எடை மாறாத வரை திரும்பத் திரும்ப. கரையாத பொருளை மட்டும் கணக்கில் எடுங்கள். கடலோரத்தில் உப்பு நிறைய விழும், அதையும் சேர்த்துவிட்டால் "இது கடல் உப்பு" என்று முடித்துவிடுவார்கள்.

இனிமேல்தான் சுவையான பகுதி. அந்த வடிதாளை 550 டிகிரி உலையில் எரியுங்கள். எரிந்து குறையும் எடையிலிருந்து வடிதாளின் சொந்த எடையைக் கழித்தால் வருவது நிலக்கரி, இலைத்துகள் போன்றவை. மிஞ்சுவது சாம்பல், மண், சிமென்ட். எரிப்பதற்கு முன்பு துளி எடுத்து 400 மடங்கு நுண்ணோக்கியில் வைத்தால், கூர்முனை கொண்ட கறுப்புத் துண்டு நிலக்கரி. கண்ணாடி மணிபோல் உருண்டையாக மினுங்குவது அனல்மின் சாம்பல். கொதிகலனில் உருகிய துளி பறக்கும்போதே உறைவதால் அந்த உருண்டை வடிவம் வருகிறது. சாலை மண்ணில் அப்படிக் குவியலாக வராது. கைப்பேசியை நுண்ணோக்கிக் கண்ணில் வைத்து எடுத்த ஒரு படம், ஐந்து நிமிடப் பேச்சைவிட அதிகம் சொல்லும்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். தேசிய காற்றுத் தர அளவில் உள்ள 12 மாசுகளில் படிதூசி கிடையாது. ஆகவே "வரம்பை மீறியது" என்று எழுத முடியாது. "ஒப்பீட்டு இடத்தைப் போல் இத்தனை மடங்கு" என்றுதான் எழுதலாம். இது நுரையீரலுக்குள் போகும் அளவையும் சொல்லாது. வீட்டில், சோற்றில், காயவைத்த கருவாட்டில் விழுவதைச் சொல்லும். பிப்ரவரி கடைசியில் காற்றுத் திசை மாற ஆரம்பிப்பதால் உங்கள் எண் குளிர்காலத்தைவிடக் குறைவாகத்தான் வரும். அதை நீங்களே எழுதிவிடுங்கள்.

சூளைமேடு சுப்பு | செவ்வாய், மாலை 6.02

எல்லாம் சரி. ஆனா கேக்கணும்னு தோணுது. கருவாட்டுல கரி படியுதுன்னு மீனவருக்குத் தெரியாதா? வடிதாள்ல எடை போட்டாத்தான் உண்மையா? இப்படியே போனா நிபுணர் வர்ற வரைக்கும் ஊர் வாய மூடிக்கிட்டு உக்காந்திருக்கணும். எதிர்த்தரப்பும் "இன்னும் ஆய்வு தேவை"ன்னு சொல்லித்தானே இருபது வருஷம் இழுக்குறான்.

கோப்புக்காரன் | செவ்வாய், இரவு 8.30

சுப்பு சொல்வதில் பாதி முழு உண்மை. இழுத்தடிப்பதற்கான ஆய்வும் உண்டு. அதனால்தான் முதல் பதிவில் தேதி கேட்டேன். கேட்பவரின் முடிவுத் தேதிக்குப் பிறகு வரும் ஆய்வு நமக்கு ஆய்வல்ல.

மற்ற பாதி: மக்களுக்குத் தெரிந்ததை ஏற்கெனவே ஆதாரமாக மாற்றியவர்கள் நிறையப் பேர். 1979இல் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் இயக்கம் அமைதிப் பள்ளத்தாக்கு (சைலன்ட் வேலி) அணை பற்றி எழுதிய மதிப்பீடு, காட்டைப் பற்றி மட்டும் பேசவில்லை. மலபாருக்கு மின்சாரம் வேறு எப்படிக் கிடைக்கும் என்ற கணக்கையும் போட்டது. அதனால்தான் "வளர்ச்சிக்கு எதிரி" என்று தள்ள முடியவில்லை. கடலூர் சிப்காட்டில் 2004 வாக்கில் ஊர்க்காரர்களே பிளாஸ்டிக் வாளிக்குள் பை வைத்துக் காற்று மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். நாற்றம் அடிக்கிறது என்ற புகார், இந்த வேதிப்பொருள் இத்தனை அளவு என்று மாறியது. கழிவுநீர்க் குழி மரணங்களில் அரசுக் கணக்கு சொற்பமாக இருந்தபோது, இயக்கங்கள் நாளிதழ்ச் செய்தி, முதல் தகவல் அறிக்கை, உடற்கூராய்வுச் சான்று என்று பெயர் பெயராகப் பட்டியல் திரட்டின. 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 1993 முதல் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் என்றதற்குப் பின்னால் அந்த மாதிரிப் பட்டியல் உழைப்பு இருக்கிறது. 2023 அக்டோபரில் அது 30 லட்சம் ஆனது. அதில் கருவியும் இல்லை, ஆய்வகமும் இல்லை. சரிபார்க்கக்கூடிய வரிசை மட்டும்தான்.

கரைவலை | செவ்வாய், இரவு 9.10

சுப்பண்ணே, மீனவருக்குத் தெரிஞ்சதையே எழுத்தாக்கலாம். முகத்துவாரகுப்பம், காட்டுக்குப்பம் பக்கம் பத்து பேர் தினமும் நோட்டுல நாலே கட்டம் போட்டாப் போதும்: தேதி, எந்த இடத்துல எந்த வலை, எத்தனை மணி நேரம், இறால் எத்தனை கிலோ நண்டு எத்தனை கிலோ. மொத்தக் கிலோவ எழுதினா பிரயோசனமில்ல. ரெண்டு மணி நேரம் போட்டவனும் ஏழு மணி நேரம் போட்டவனும் ஒண்ணாகாது. மணிக்கு எத்தனை கிலோன்னு வகுக்கணும். மீனே படாத நாளையும் "0"ன்னு எழுதணும், அத விட்டுட்டுத்தான் எல்லாக் கணக்கும் கெட்டுப்போவுது. முதல்ல ஊர்ப் பஞ்சாயத்துல சொல்லிட்டு ஆரம்பிங்க.

நாடி | செவ்வாய், இரவு 10.25

புற்றுநோய் வரியை நீக்குங்கள். எதோடு ஒப்பிட்டு இருமடங்கு? ஒரு தெருவில் ஐந்து பேருக்கு வந்திருப்பது வேதனை. ஆனால் சின்ன மக்கள்தொகையில் தற்செயலாகவே அப்படிக் கூடும். சுவரில் அம்பு எய்துவிட்டுப் பிறகு அதைச் சுற்றி வட்டம் போட்ட மாதிரி ஆகிவிடும். ஐந்தும் ஒரே வகைப் புற்றுநோயா, வயது என்ன, எத்தனை வருடமாக அங்கே குடியிருக்கிறார்கள், வயது திருத்திய விகிதம் சென்னை மாநகரப் பதிவேட்டின் விகிதத்தோடு ஒப்பிட்டால் என்ன: இத்தனைக்கும் பதில் வேண்டும். சென்னையில் 1980களின் தொடக்கத்திலிருந்து மக்கள்தொகைப் புற்றுநோய்ப் பதிவேடு இருக்கிறது. அங்கே எழுதிக் கேட்கலாம். 32 நாளில் முடியாது.

செய்ய முடிவது மூச்சுக் கோளாறுக் கணக்கெடுப்பு. "இருமல் இருக்கிறதா" என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள். குழந்தைகளின் ஆஸ்துமாவுக்கு உலகெங்கும் கேட்கும் கேள்வி வடிவம்: "கடந்த 12 மாதத்தில் உங்கள் பிள்ளைக்கு நெஞ்சில் விசில் சத்தம் வந்ததா?" எத்தனை முறை, தூக்கம் கெட்டதா, பேச முடியாமல் திணறியதா என்று தொடரும். வீசிங் என்றால் நம் ஊரில் எல்லோருக்கும் புரியும், ஆனால் சளி கட்டியதையும் அதே பெயரில் சொல்வார்கள். சத்தத்தைத் தொண்டர் செய்து காட்டிக் கேட்பது நல்லது. கூடவே வீட்டில் புகைப்பவர் உண்டா, விறகா கேஸா, கொசுவர்த்தி எரிப்பீர்களா, வீட்டுக்குள் ஈரச்சுவரா. இவற்றைக் கேட்காவிட்டால் எதிர்த்தரப்பின் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். அதே வருமானம், அதே வகை வீடு, ஆனால் ஆலை இல்லாத ஒரு கடலோரக் குப்பத்தில் அதே தாளை அதே வாரத்தில் நிரப்புங்கள். கேட்பவர்களுக்கு "தூசிப் பிரச்சினைக்காக வந்திருக்கிறோம்" என்று தொடங்கக்கூடாது. "குழந்தைகள் உடல்நலக் கணக்கெடுப்பு" என்று தொடங்குங்கள். அது பொய்யும் அல்ல.

வித்தியாசம் வந்தாலும் "ஆலையால் ஆஸ்துமா" என்று எழுதாதீர்கள். "ஆலைக்கு அருகே வீசிங் விகிதம் கூடுதலாகக் காணப்பட்டது, சமையல் எரிபொருளையும் புகைப்பழக்கத்தையும் கணக்கில் எடுத்த பிறகும் வித்தியாசம் நீடித்தது" என்றால் யாரும் அசைக்க முடியாது. கல்லூரி மூலம் செய்வதானால் நெறிமுறைக் குழு ஒப்புதல் வேண்டும். அது பல வாரம் எடுக்கும் என்பதால் இன்றே பேராசிரியரிடம் கேளுங்கள். இல்லையென்றால் இதைத் தீர்ப்பாயக் கட்டத்துக்குத் தள்ளிவைப்பதே நல்லது.

மூன்றுதசமம் | புதன், காலை 6.50

ஒரே ஓர் எச்சரிக்கை. வீடு வாரியாக ஜிபிஎஸ் புள்ளி, குடும்பத் தலைவர் பெயர், பட்டா உண்டா இல்லையா என்று ஒரே எக்செல் தாளில் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள். நம் ஊரில் கணக்கெடுப்புக்குப் பின்னால் மறுகுடியமர்வு வந்த வரலாறு இருக்கிறது. மாநிலம் 1971இல் 1,202 குடிசைப் பகுதிகளைச் சென்னையில் பட்டியலிட்டது, 1985இல் இன்னும் 17. அந்தப் பட்டியலுக்கு வெளியே இருக்கும் ஊரின் துல்லிய வரைபடத்தை நாமே செய்து கொடுத்ததாக ஆகக்கூடாது. வீட்டு எண் மட்டும் உள்ள தாள் தனி, எண்ணுக்குரிய பெயர் எழுதிய நோட்டு தனி. நோட்டு ஊரில் ஒருவரிடம் பூட்டில். வெளியிடும் வரைபடத்தில் அட்சரேகை தீர்க்கரேகையை மூன்று தசமத்தோடு நிறுத்துங்கள், சுமார் 110 மீட்டர் வட்டத்துக்குள் வீடு மறைந்துவிடும். பட்டா கேள்வியே உங்கள் மனுவுக்கு வேண்டாம். கேட்காத தகவல் கசியாது.

கல்லூரியோடு ஒரு பக்க ஒப்பந்தம் போடுங்கள்: தரவு யாருடையது, முடிவு முதலில் ஊருக்குத் தமிழில் எப்போது சொல்லப்படும், பத்திரிகையில் யார் பேசுவார், ஆய்விதழுக்குக் காத்திருக்காமல் மனுவில் இணைக்க அனுமதி. கடைசியதை விட்டுவிட்டால் "பிரசுரமாகும் வரை வெளியிட முடியாது" என்று கூட்டத்துக்கு முந்தின நாள் சொல்வார்கள்.

தரவுத்தாரணி | புதன், காலை 8.15

14 கட்டுரையைப் பற்றியும் கேட்டிருந்தீர்களே. ஒரு தாளில் ஆறு கட்டம்: எந்த இடம், எந்த மாதம், எத்தனை மாதிரி, என்ன கருவி, எதோடு ஒப்பிட்டார், அவரே ஒப்புக்கொண்ட குறை. நிரப்பினால் பெரும்பாலும் நாலைந்துதான் உங்கள் ஆலைக்கும் உங்கள் கேள்விக்கும் பொருந்தும். முனைவர் பட்ட ஆய்வேட்டில் பின்னிணைப்பைப் பாருங்கள். கட்டுரையில் சராசரியாகச் சுருங்கிய எண்கள் அங்கே மூலமாக இருக்கும். பொருந்தும் கட்டுரையை எழுதியவருக்கு மின்னஞ்சல் போட்டு, "எங்கள் இடத்துக்கு உங்கள் முடிவு பொருந்துமா" என்று ஒரே கேள்வி கேளுங்கள். அவர் கையெழுத்திட்ட அரைப்பக்கக் கடிதம், மனுவோடு இணைத்த 300 பக்கத்தைவிட எடை அதிகம். நிபுணர் குழு 300 பக்கம் புரட்டாது.

சந்தா கேட்கும் கட்டுரைக்குக் காசு கட்டாதீர்கள். ஆசிரியரிடமே கேட்டால் அனுப்பிவிடுவார். இல்லையென்றால் கல்லூரி நூலகக் கணினியில் திறக்கும்.

எர்ணாவூர்க்காற்று | புதன், இரவு 9.55

துண்டறிக்கை நிறுத்தியாச்சு. ஆர்டிஐ தபாலில் போய்விட்டது. வரைவு அறிக்கையில் காற்று அளவீடு மார்ச் முதல் மே வரை! நிலையங்களின் இடத்தை இன்றிரவு குறிக்கிறோம். ஜாடி ஆறும் பாரிமுனையில் வாங்கிவிட்டோம், சரியாக 15 செ.மீ. வாய்.

கணக்கை இப்போதே எழுதி வைக்கலாம் என்று போட்டுப் பார்த்தோம். 0.09 கிராம் கிடைத்தால்: பரப்பு 3.14 × 0.15 × 0.15 = 0.0707 சதுர மீட்டர். 0.09ஐ அதால் வகுத்தால் சதுர மீட்டருக்கு 1.27 கிராம். சரியா?

தராசு | புதன், இரவு 10.10

தவறு. 15 விட்டம், நீங்கள் அதை ஆரமாகப் போட்டிருக்கிறீர்கள். ஆரம் 0.075. பரப்பு 0.0177. விடை சதுர மீட்டருக்கு 5.1 கிராம். உங்கள் கணக்கில் ஊர்த் தூசி கால்பங்காகக் குறைந்துவிட்டது, ஆலைக்காரருக்கு இலவச உதவி! வாயின் உள்விட்டத்தை எடுங்கள், வெளிவிளிம்பை அல்ல. ஆறு ஜாடியையும் தனித்தனியாக அளந்து ஜாடி மேலேயே எழுதுங்கள். கடையில் ஒரே சைஸ் என்று சொல்வது ஒன்று, இருப்பது ஒன்று.

28ஆம் நாளே எடுத்துவிடுங்கள், 30 ஆல் பெருக்கி 28 ஆல் வகுத்தால் மாதக் கணக்கு. எடைபோட ஒரு நாளாவது மிஞ்சும். மறந்துவிட்டேன், ஜாடி வாய்க்கு மேலே ஒரு சாண் உயரத்தில் கம்பி வளையம் கட்டுங்கள். காக்காய் விளிம்பில் உட்கார்ந்து எச்சமிட்டால் அந்த ஜாடி போச்சு. வளையத்தில் உட்காரும், எச்சம் வெளியே விழும்.

எர்ணாவூர்க்காற்று | புதன், இரவு 10.18

ஜாடி நாளைக் காலை ஆறு மணிக்குள் ஏறிவிடும். வளையத்துக்கு எந்த கேஜ் கம்பி?

தராசு | புதன், இரவு 10.21

பந்தல் கட்டும் கம்பி போதும். துருப்பிடிக்காமல் பெயின்ட் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு கட்டுங்கள். துரு ஜாடிக்குள் உதிர்ந்தால் அதுவும் எடையில் வரும்.